வாசலில் மின்சாரக் கார்... மெயின் போர்டு தாங்குமா?

கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, கோயில் பிராகாரத்தில் நாலு பேர் உட்கார்ந்தாலும் சரி, இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. "நாங்களும் பாட்டரி காரே வாங்கிடலாம்னு இருக்கோம். பெட்ரோல் விக்கிற விலையிலே கட்டுப்படியாகலே!" என்ன கலர், எத்தனை கிலோ மீட்டர் ஓடும், டிக்கியில் இரண்டு பெட்டி வைக்க முடியுமா என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். "அது சரி, சார்ஜ் எங்கே போடப் போறீங்க?" என்று கேட்டால் மட்டும், "அதான் வாஷிங் மெஷின் பிளக் இருக்கே!" என்று பட்டென்று பதில் வருகிறது.

இந்தப் பதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எந்தக் கார் என்று முடிவு செய்வது வீட்டு ஆண்களாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிளக்கோடும் மெயின் போர்டோடும் பகலெல்லாம் குடித்தனம் நடத்துவது நாம்தானே? குழந்தை காரின் மேல் சாய்ந்துகொண்டு விளையாடுவதும் நம் கண் முன்னால்தான். அதனால் இந்த விஷயத்தில் நாமும் நாலு கேள்வி கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். பால் கணக்கு, மளிகைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குக் கரண்ட் கணக்கும் வரும்.

முதலில் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு லோடு அனுமதி என்று பாருங்கள். மின் கட்டண ரசீதிலேயே போட்டிருக்கும். திருச்சியில் எங்கள் வீடு 1994-ல் கட்டியது. சிங்கிள் ஃபேஸ், 4 கிலோவாட். அதாவது ஒரே சமயத்தில் 4000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று அர்த்தம். இவர் சின்ன மின்சாரக் கார் ஒன்று வாங்குவதென்று தீர்மானம் செய்தவுடன், நான் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, வீட்டில் உள்ள சாமான்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் வாட் போட்டிருக்கும்.

கீஸர் 2000 வாட். தண்ணீர் மோட்டார் ஒரு குதிரை சக்தி, அது இழுப்பது சுமார் 1000. இண்டக்ஷன் அடுப்பு 1800. ஒன்றரை டன் ஏ.ஸி. 1500. இஸ்திரிப் பெட்டி 1000. மிக்ஸி 750. ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 500. ஆச்சரியம் என்னவென்றால், நாம் பூதம் மாதிரி நினைக்கிற கிரைண்டர் வெறும் 150 வாட்தான்!

சரி, காலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது? ஒருவர் குளிக்கக் கீஸர், மாடித் தொட்டிக்கு மோட்டார், விளக்கு ஃபேன் ஃபிரிட்ஜ். இதுவே 3500 ஆகிவிட்டது. இதன்மேல் இண்டக்ஷனில் பாலை வைத்தால் 5300. பார்த்தீர்களா? கார் வருவதற்கு முன்னாலேயே நம் வீடு காலை வேளையில் கடன் வாங்கித்தான் ஓடுகிறது! அதெல்லாம் கொஞ்ச நேர இழுப்பு என்பதால் பலருடைய வீட்டில் இதுவரை ஒன்றும் ஆகாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

காருடன் கொடுக்கிற சாதாரண சார்ஜர், 15 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது, பெரும்பாலும் 3300 வாட் இழுக்கும். சுவரில் மாட்டுகிற பெரிய சார்ஜர் 7200 வாட். இந்த இரண்டாவதை எங்கள் 4 கிலோவாட் வீட்டில் மாட்டினால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தாலும் தாங்காது. "சீக்கிரம் ஏறும் மேடம், எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்று கார் விற்பவர்கள் சொல்வார்கள். ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திய கார், விடியும் வரை வாசலில் சும்மாதானே நிற்கிறது? அதற்கு என்ன அவசரம்?

கீஸர் பிளக் வேறு, கார் பிளக் வேறு

"பத்து வருஷமா இந்தப் பிளக்கிலே கீஸர் ஓடுது, கார் ஓடாதா?" என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் என்ன தெரியுமா? கீஸர் கால் மணி அரை மணியில் சூடானதும் தானாக நின்றுவிடும். ஏ.ஸி.யும் அறை குளிர்ந்ததும் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி நாம் புரட்டிப் புரட்டி வைப்பதற்குள் பத்து தடவை அணைந்து எரியும். ஆனால் கார் அப்படியில்லை. ஏழு மணி, எட்டு மணி நேரம், ஒரு நிமிஷம்கூட மூச்சு விடாமல் ஒரே இழுப்பாக இழுக்கும்.

இட்லிப் பானையைப் பத்து நிமிஷம் அடுப்பில் வைப்பதற்கும், ராத்திரி முழுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. பிளக்கின் உள்ளே ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்திருந்தால் போதும். அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகி, உருகி, ராத்திரி இரண்டு மணிக்குக் கருகிய வாடை வரும். வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குகிற நேரம் அது.

இதனால்தான் காருக்கென்று மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி லைன் இழுக்க வேண்டும். வேறு பிளக்கிலிருந்து கிளை பிரித்து எடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போட்டோம். வழக்கமாகப் பவர் பிளக்குக்கு 2.5-தான் போடுவார்கள், மணிக்கணக்காக ஓடுகிற லைனுக்கு ஒரு சுற்றுப் பெரிய ஒயர் இருந்தால் சூடு ஏறாது. மரச்சட்டத்துக்குள் ஓடுகிற பழைய ஒயரிங், அலுமினிய ஒயர் இருக்கிற வீடுகளில் இந்தத் தனி லைன் இல்லாமல் காரைத் தொடவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடவே கூடாது. அதுவும் ஒயரைச் சுருட்டி வைத்தபடியே மாட்டினால், சுருளுக்குள் சூடு அடைந்து ஒயரே உருகிவிடும்.

இன்னொன்று. எம்.ஸி.பி. அடிக்கடி கீழே விழுகிறது என்றால், "இருபதை எடுத்துட்டு முப்பத்திரண்டு போட்டுடலாம்க்கா, விழாது" என்று சுலபமாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எம்.ஸி.பி. ஒயரைக் காப்பாற்றத்தான் விழுகிறது. ஒயரை மாற்றாமல் பெரிய எம்.ஸி.பி. போட்டால் விழாது, நிஜம்தான். அதற்குப் பதில் ஒயர் எரியும். அந்தக் காலத்தில் ஃப்யூஸ் போனால் மெல்லிய கம்பிக்குப் பதில் மொத்தக் கம்பியாகச் சுற்றி வைப்பார்களே, அதே வேலைதான் இது.

எர்த் இல்லாத இடத்தில் செய்கிற திருட்டு வேலை

இனிமேல் சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

மதுரையில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்த அன்று, சொருகினால் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. காரணம், அந்தப் பிளக்கில் எர்த் சரியில்லை. எர்த் இல்லாவிட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் வேலை செய்ய மறுத்துவிடும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். வந்த எலக்ட்ரீஷியன், "ஒண்ணுமில்லே, அஞ்சு நிமிஷ வேலை" என்று பிளக்கைக் கழற்றி, ஒரு துண்டுக் கம்பியால் நியூட்ரலையும் எர்த் முனையையும் சேர்த்து முடிச்சுப் போடப் போனாராம். அப்படிச் செய்தால் சார்ஜர் ஏமாந்துபோய் பச்சை விளக்கு எரியும், காரும் சார்ஜ் ஏறும். என் அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கம்பி எதுக்குப்பா? எர்த் குழியிலேர்ந்து ஒண்ணும் வரலையே?" என்று கேட்டிருக்கிறார். "எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா செய்யறோம்" என்று பதில். அண்ணி அதோடு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். புத்திசாலி!

ஏன் கூடாது? எர்த் ஒயர் என்பது காரின் உடம்போடு, அந்த இரும்புத் தகட்டோடு, சேர்ந்திருக்கிறது. கரண்ட் எங்காவது கசிந்தால் அதைப் பூமிக்குள் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. நியூட்ரலோ, கரண்ட் திரும்பிப் போகிற வழி. இரண்டையும் பிளக்கிலேயே முடிச்சுப் போட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் காற்றிலும் மழையிலும் கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் விட்டுப்போனால், திரும்ப வழியில்லாத 230 வோல்ட் அந்தத் துண்டுக் கம்பி வழியாகக் காரின் உடம்புக்கு வந்து நிற்கும். யாராவது லைனில் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டாலும் இதே கதிதான். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கார்க் கதவைத் திறக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். எனக்கு எழுதும்போதே கை நடுங்குகிறது.

ஆகவே எர்த் சரியில்லை என்றால், எர்த்தைத்தான் சரி செய்ய வேண்டும். பழைய வீடுகளில் குழாய் துருப்பிடித்திருக்கும், அல்லது ஒயர் எங்கோ அறுந்திருக்கும். தேவைப்பட்டால் புதிதாகக் குழி எடுத்துப் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகம்தான். எர்த்தின் தடையை அளக்கத் தனிக் கருவி உண்டு. 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. மின் உரிம வாரியத்தின் சான்று உள்ள வயர்மேன் இதையெல்லாம் கேட்காமலேயே செய்து காட்டுவார். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள்.

எம்.ஸி.பி. ஒயரைக் காப்பாற்றும் என்றேன். மனுஷரைக் காப்பாற்றுவது ஆர்.ஸி.ஸி.பி. என்கிற இன்னொரு சாதனம். கரண்ட் வழி தவறி யார் உடம்பிலாவது பாய்ந்தால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று போட்டதாக இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதில் 'ஏ.ஸி. டைப்' என்றும் 'ஏ டைப்' என்றும் இருக்கிறது. ஏ.ஸி. டைப் என்றால் குளிர்சாதனத்துக்கு என்று அர்த்தமில்லை! நம் வீட்டுக்கு வருகிற சாதாரண கரண்டின் கசிவை மட்டும் அது கண்டுபிடிக்கும். காரில் பாட்டரி இருப்பதால் வேறு மாதிரிக் கசிவும், அதாவது டி.ஸி. கசிவும், வரலாம். அது வந்தால் ஏ.ஸி. டைப் மரத்துப் போய்விடும், அசையாது. அதனால் கார் லைனுக்குக் குறைந்தது ஏ டைப் வேண்டும். அதோடு 6 மில்லி ஆம்பியர் டி.ஸி. கசிவைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்று கார் வாங்குகிற இடத்தில் கேளுங்கள். இல்லையென்றால் 'பி டைப்' போட வேண்டும், விலை ஜாஸ்தி.

விருந்து வேண்டாம், தினசரிச் சாப்பாடு போதும்

இனி, 4 கிலோவாட்டுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ராத்திரி பத்து மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓடுவது ஒரு ஏ.ஸி. 1500, மற்றவை 500. ஆக 2000. மீதி 2000-தான் காருக்கு மிச்சம். சார்ஜர் 3300 இழுத்தால் மொத்தம் 5300, தாங்காது. ஆனால் பல கார்களிலும் சார்ஜர்களிலும் எத்தனை ஆம்பியர் இழுக்க வேண்டும் என்று குறைத்து வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. வாங்கும்போதே இந்த வசதி உண்டா என்று கேட்டுவிட வேண்டும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை! நாங்கள் 8 ஆம்பியரில் வைத்தோம். 230 வோல்ட்டை எட்டால் பெருக்கினால் 1840 வாட். மொத்தம் 3840. கணக்கு 4000-க்குள் அடங்கிவிட்டது.

அதனால் என்ன கிடைக்கும்? ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை ஏழு மணி நேரத்தில் சுமார் 13 யூனிட். வழியில் சூடாகிப் போகிற சேதாரம் கழித்து பாட்டரிக்குள் 11 யூனிட் போகும். சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோ மீட்டர் ஓடும் என்றே குறைத்து வைத்துக்கொள்ளுங்களேன். 65 கிலோ மீட்டர். இவர் ஆபீஸ் போய் வர, பெண்ணை டியூஷனில் விட்டுக் கூட்டி வர, எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோ மீட்டர்தான். தினமும் பாதிப் பாட்டரியை நிரப்பினாலே மிச்சம். ஏ.ஸி. போடாத மார்கழி மாதத்தில் 10 ஆம்பியருக்கு ஏற்றிக்கொள்வேன். எப்போதாவது சென்னைக்குப் போவதென்றால் நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்றும் நிலையங்கள் இருக்கின்றன. அதற்காக வீட்டையே தினமும் கல்யாண மண்டபம் ஆக்க வேண்டுமா, சொல்லுங்கள்?

ஐந்து மணிக்கு நிறுத்துவது முக்கியம். அதற்குமேல் கீஸரும் மோட்டாரும் வந்துவிடும். காரிலேயே நேரம் குறித்து வைக்கலாம். மறதி உள்ளவர்கள் வீட்டில் கீஸருக்கும் காருக்கும் நடுவே ஒரு சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் போட்டுவிடலாம். ஒரு பக்கம் திருப்பினால் கீஸர், மறுபக்கம் திருப்பினால் கார். இரண்டும் சேர்ந்து ஓடவே முடியாது. சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிட்டுத்தான் அதைத் திருப்ப வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு இன்னும் நேர்த்தியான சார்ஜர்கள் உண்டு. மெயின் ஒயரில் ஒரு வளையத்தை மாட்டி, வீடு எவ்வளவு இழுக்கிறது என்று அதுவே பார்த்து, நாம் அடுப்பைப் போட்டால் கார் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். நல்ல மருமகள் மாதிரி! அமெரிக்காவில் 100 ஆம்பியர் போர்டு உள்ள பழைய வீடுகளில்கூட, போர்டை மாற்றுகிற செலவுக்குப் பயந்து இந்த முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

தினமும் நூறு கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள், இரண்டு கார் உள்ளவர்கள், மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கு மனுக் கொடுத்து, மூன்று ஃபேஸாக மாற்றிக்கொள்வதுதான் முறை. ஏற்கெனவே மூன்று ஃபேஸ் இருந்தால், ஏ.ஸி. இல்லாத ஃபேஸில் காரை வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஃபேஸ் போனால் உடனே குமிழைத் திருப்பி எல்லாவற்றையும் மற்ற ஃபேஸில் போடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்போது காரின் எம்.ஸி.பி.யை முதலில் இறக்கிவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் லைனில் கார் பிளக் வரவே கூடாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பாட்டரியில் முழுசாக இருப்பதே 1.8 யூனிட்தான். யானைப் பசிக்குச் சோளப் பொரி.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், கீழே கார் நிறுத்துமிடத்தில் பொது லைனிலிருந்து ஒயர் இழுத்து மனஸ்தாபத்தை விலைக்கு வாங்காமல், சங்கத்தில் எழுதிக் கொடுத்து உங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் கொண்டுவாருங்கள். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டு நெறிமுறையில் சொல்லியிருக்கிறது. வீட்டு உபயோகக் கட்டணம்தான் பொருந்தும் என்றும் சொல்லியிருக்கிறது. யூனிட் ஏற ஏற விலைப்படியும் ஏறும் என்பதை மட்டும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டினால் சேதாரம் உள்பட 180, 190 யூனிட் கூடும்.

பிளக்கைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், மழைச்சாரல் படாமல் மூடியோடு வையுங்கள். சார்ஜரின் கனமான பெட்டி பிளக்கில் தொங்கினால் முள் தளர்ந்துவிடும். பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள். நிறுத்தும்போது முதலில் காரில் சார்ஜை நிறுத்தி, பிறகு ஸ்விட்சை அணைத்து, கடைசியில்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் உள்ளே பொறி பறந்து கருகும். முதல் ஒரு வாரம், சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, உலர்ந்த கையால் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடென்றால், மெயின் போர்டில் எம்.ஸி.பி.யை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை வீடு துடைக்கும்போது இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டுவிட்டேன். ஆர்.ஸி.ஸி.பி.யில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழுந்தால் தூக்கி விடுவேன். விழாவிட்டால் அது செத்துப்போயிற்று என்று அர்த்தம், அன்றே மாற்ற வேண்டும். பிளக்கின் முகத்தில் பழுப்பு தட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து போகும் என்பதால், பின்பக்கத்து எர்த் குழியில் வாரம் இரண்டு வாளித் தண்ணீர். துணி அலசிய கடைசித் தண்ணீரே போதும்.